போர் வந்தா உங்க பேங்க் பேலன்ஸ் எங்கே இருக்கும்?

சம்பளம் கிரெடிட் ஆயிடுச்சுன்னு மெசேஜ் வருது. அந்தப் பணம் நோட்டுக்கட்டா எங்கேயும் இல்லை. ஏதோ ஒரு டேட்டா சென்டர் சர்வர்ல வெறும் எண்ணா இருக்கு. அந்தக் கட்டிடம் எந்த நாட்டுல இருக்குன்னு நாம யோசிக்கிறதே இல்லை. உக்ரைன் மக்கள் 2022-ல யோசிக்க வேண்டி வந்தது.

ரஷ்யப் படைகள் நுழைஞ்சது பிப்ரவரி 24. அதுக்கு முன்னாடியே, பிப்ரவரி 15-ல, அந்நாட்டின் மிகப் பெரிய வங்கியான பிரைவட்பேங்க் மேல சைபர் தாக்குதல் நடந்தது. போலி டிராஃபிக்கைக் கொட்டி சர்வரைத் திணறடிக்கிற டிடாஸ் தாக்குதல். ஆப் சரியா வேலை செய்யலை. கூடவே, ஏடிஎம் எல்லாம் பழுதுன்னு பொய் எஸ்எம்எஸ் வேற! திருடுறதைவிட, மக்களைப் பதறவைக்கிறதுதான் நோக்கம்னு எனக்குத் தோணுது.

அப்புறம்தான் பெரிய சிக்கல். வாடிக்கையாளர் தகவலை வெளிநாட்டு கிளவுட்ல வைக்க வங்கிகளுக்கு அதுவரை அனுமதி இல்லை. ஆனா ஏவுகணை விழுந்தா டேட்டா சென்டரே போயிடுமே? மார்ச்ல மத்திய வங்கி விதியைத் தளர்த்தியது. பிரைவட்பேங்க் 270 அப்ளிகேஷன்களையும் 4 பெட்டாபைட் டேட்டாவையும் 45 நாளுக்குள்ள அமேசான் கிளவுடுக்கு மாத்திடுச்சு.

ரஷ்யாவுல கதை நேரெதிர். அதே மார்ச்ல விசாவும் மாஸ்டர்கார்டும் சேவையை நிறுத்தின. ஆனா அந்த கார்டுகள் உள்நாட்டுல தொடர்ந்து வேலை செஞ்சது. காரணம், 2014 கிரிமியா தடைகளுக்குப் பிறகு உள்ளூர் பரிவர்த்தனைகளை ரஷ்யா சொந்த சிஸ்டத்துக்கு மாத்தியிருந்தது. வெளிநாடு போனவங்கதான் மாட்டிக்கிட்டாங்க.

நம்ம ரிசர்வ் வங்கி, பேமென்ட் டேட்டா இந்தியாவுலதான் இருக்கணும்னு 2018-லயே உத்தரவு போட்டுச்சு. அதைப் பின்பற்றலைன்னு 2021 ஜூலை முதல் மாஸ்டர்கார்டு புது வாடிக்கையாளர் சேர்க்கத் தடை; கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சுத்தான் நீங்கிச்சு. எனக்கு இந்த விதி சரின்னுதான் படுது. ஆனா எல்லா காப்பியும் ஒரே நாட்டுக்குள்ள இருந்தா என்ன ஆபத்துன்னு உக்ரைன் காட்டிடுச்சு.

2025 மே மாசம் இந்தியா-பாகிஸ்தான் மோதல் நடந்தப்போ, ஏடிஎம்கள் 2-3 நாள் மூடப்படும்னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? அது பொய்னு பிஐபி சொல்ல வேண்டியதாச்சு. அதே கீவ் டெக்னிக்!

டேட்டா சென்டர் நம்ம கையில இல்லை. இன்னொரு வங்கியில ஒரு மாச செலவுக்கான பணம், வீட்டுல கொஞ்சம் கேஷ், மாசாமாசம் டவுன்லோட் பண்ணி வெச்ச ஸ்டேட்மென்ட் பிடிஎஃப் - இது மூணும் நம்ம கையில இருக்கு. அந்த மாதிரி மெசேஜ் வந்தா ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி வங்கியோட வெப்சைட்டை ஒரு தடவை பாருங்க.