கணினியில் ஏறிய ஜமாஅத் பதிவேடு: யார் எதைப் பார்க்கலாம்?

நம் மஹல்லாக்கள் பலவற்றில் தடித்த பதிவேடுகள் கணினிக்கு மாறி வருகின்றன. குடும்ப விவரம், சந்தா, நிகாஹ் பதிவு, பைத்துல்மாலுக்கு வரும் உதவி விண்ணப்பங்கள் எல்லாம் ஒரே மென்பொருளில் வந்துவிடுகின்றன. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் பதிவேடு பீரோவில் இருந்தபோது அதற்கு ஒரு சாவி இருந்தது. அது யாரிடம் இருக்கிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். கணினிக்கு வந்த பிறகு அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது?

பல அலுவலகங்களில் ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். செயலாளர், பொருளாளர், கணக்கு எழுதுபவர், சந்தா வசூலிப்பவர் என எல்லோரும் 'அட்மின்' என்றே உள்ளே நுழைகிறார்கள். இதன் விளைவு என்ன? கணவரை இழந்த ஒரு சகோதரி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சந்தா ரசீது போட வந்த பக்கத்து வீட்டு இளைஞரும் அந்த விண்ணப்பத்தைத் திறந்து படிக்கலாம். விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டால், அந்தக் குடும்பம் அடுத்த முறை எவ்வளவு கஷ்டம் வந்தாலும் வாய் திறக்காது.

ஆளுக்கு அல்ல, பொறுப்புக்கு அனுமதி

இதற்குக் கணினித் துறையில் நல்ல தீர்வு இருக்கிறது. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக அனுமதி கொடுக்காமல், முதலில் பொறுப்புகளை உருவாக்குகிறோம். அனுமதியைப் பொறுப்புக்குக் கொடுத்து, ஆளை அந்தப் பொறுப்பில் சேர்க்கிறோம். 1992இல் டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் குன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த முறையை வரையறுத்து எழுதினார்கள். இன்று வங்கி, மருத்துவமனை மென்பொருள்களில் இது பரவலாக உள்ளது.

அனுமதிகளில் அடிப்படையானவை நான்கு: பார்ப்பது, சேர்ப்பது, திருத்துவது, நீக்குவது. இவற்றைப் பொறுப்புவாரியாக ஒரு தாளில் எழுதிப் பார்ப்போம்.

- சந்தா வசூலிப்பவர்: குடும்பத் தலைவர் பெயர், முகவரியைப் பார்க்கலாம், ரசீது சேர்க்கலாம். உதவி விண்ணப்பம் அவர் கண்ணில் படாது.
- பைத்துல்மால் குழு: விண்ணப்பங்களைப் பார்க்கலாம், பரிந்துரை எழுதலாம். பணம் வழங்கியதாகப் பதிய முடியாது.
- பொருளாளர்: ஒப்புதலான தொகையைப் பதியலாம். ஒப்புதல் கொடுப்பவர் அவராக இருக்கக் கூடாது.
- செயலாளர்: எல்லாவற்றையும் பார்க்கலாம். ஆனால் கணக்குப் பதிவை நீக்க முடியாது.

நீக்கும் அனுமதியை யாருக்கும் கொடுக்காமல் இருப்பதே நல்லது. தவறான ரசீதை அழிக்காமல் 'ரத்து' என்று குறித்தால், பின்னால் கணக்குத் தணிக்கையில் கேள்வி வராது.

மறைப்பது வேறு, பூட்டுவது வேறு

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. திரையில் ஒரு பொத்தானை மறைத்துவிட்டால் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைக்கிறோம். எம்.எஸ். ஆக்சஸ் மென்பொருளின் பழைய கோப்பு வகையில் பயனர்வாரியாக அனுமதி வைக்கும் வசதி இருந்தது. 2007 பதிப்பில் வந்த புதிய கோப்பு வகையில் அது இல்லை. கோப்புக்குக் கடவுச்சொல் போடலாம். அது தெரிந்தவருக்கு எல்லா அட்டவணையும் திறந்துவிடும். ஆகவே பலர் சேர்ந்து பயன்படுத்தும் முக்கியத் தகவலுக்கு அது மட்டும் போதாது.

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளங்களில் பூட்டு தரவுத்தளத்திலேயே இருக்கும். 'கிராண்ட்' என்ற கட்டளை அனுமதி கொடுக்கும். 'ரிவோக்' திரும்பப் பெறும். குறிப்பிட்ட நெடுவரிசைகளை மட்டும் காட்டவும் முடியும். போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பிலிருந்து, ஒரே அட்டவணையில் அவரவருக்கு உரிய வரிகள் மட்டும் தெரியும்படியும் செய்யலாம். ஆனால் அட்டவணையின் உரிமையாளரையும் 'சூப்பர்யூசர்' கணக்கையும் இந்த வரிக் கட்டுப்பாடு சாதாரணமாகத் தடுக்காது. அந்தக் கணக்குகளை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

மைஎஸ்கியூஎல் 8.0 பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. அதில் ஒருவருக்குப் பொறுப்பை வழங்கினால் மட்டும் போதாது. அவர் நுழையும்போது அது தானாக இயங்கும்படியும் அமைக்க வேண்டும். இது தெரியாமல் "வேலை செய்யவில்லையே" என்று சலித்து, கடைசியில் முழு அதிகாரத்தையும் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு.

நிர்வாகம் மாறும்போது

புதிய நிர்வாகம் பொறுப்பேற்கும் நாளில் சாவிக் கொத்தும் கணக்குப் புத்தகமும் கைமாறுகின்றன. கணினி அனுமதியும் அன்றே மாற வேண்டும். முந்தைய நிர்வாகிகள் மீது சந்தேகம் என்று பொருளல்ல. நாளை ஏதேனும் பிழை நேர்ந்தால் அவர்கள் மீது பழி வராமல் காப்பதும் இதுதான். பொறுப்புவாரியாக அமைத்திருந்தால் வேலை சுலபம்: பழையவரை நீக்கி, புதியவரைச் சேர்த்தால் போதும். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் இருந்தால்தான் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற குறிப்பும் பயன்படும்.

எல்லாம் அமைத்த பிறகு ஒரு சோதனை அவசியம். சந்தா வசூலிப்பவரின் பெயரில் நுழைந்து, உதவி விண்ணப்பத்தைத் திறக்க முயன்று பாருங்கள். திறந்தால் வேலை இன்னும் முடியவில்லை. எக்செல் கோப்பாக இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். வெளியே போன நகலுக்கு எந்தப் பூட்டும் இல்லை.

ஒரு குடும்பம் தன் கஷ்டத்தை நம்மிடம் சொல்வது அமானிதம். அது பதிவேட்டில் இருந்தாலும் கணினியில் இருந்தாலும் அமானிதமே. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் அந்த ஒரு தாளை எடுத்து, யார் எதைப் பார்க்கலாம் என்று எழுதத் தொடங்குவோம்.