கடல் மீனை எப்படி எண்ணுவது? மத்தி சொல்லும் கணக்கு!

காட்டில் கேமரா வைத்துப் புலிகளை எண்ணுகிறார்கள். வீடு வீடாகப் போய் மக்கள்தொகையைக் கணக்கெடுக்கிறார்கள். கடலுக்குள் ஓடும் மீனை எப்படி எண்ணுவது?

எண்ணித்தான் ஆக வேண்டும். ‘இந்த வருடம் எவ்வளவு பிடித்தால், அடுத்த வருடமும் மீன் இருக்கும்?’ என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில்தான் விடை இருக்கிறது. கடலை ஒரு வங்கி டெபாசிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டியை எடுத்துச் செலவழித்தால் காலத்துக்கும் வரும். அசலில் கைவைத்தால்..?

கரையில் தொடங்கும் கணக்கு

இந்தியாவில் இந்தக் கணக்கைப் போடுவது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். 1947-ல் தொடங்கப்பட்டு, முன்பு ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இயங்கியது. இப்போது தலைமையகம் கொச்சியில். இதன் பணியாளர்கள் மீன் இறங்குதளங்களுக்குப் போய், என்னென்ன மீன், எத்தனை கிலோ, எந்த வலை, எவ்வளவு நேரம் பிடித்தார்கள் என்று குறித்துக்கொள்கிறார்கள். எல்லாத் துறையிலும் எல்லா நாளும் நிற்க முடியாதே! அதனால், ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பதுபோல, சில இடங்களையும் நாள்களையும் படகுகளையும் முறைப்படி தேர்ந்தெடுத்து, அதை வைத்து மொத்தத்தையும் மதிப்பிடுகிறார்கள்.

எடை மட்டும் போதுமா?

போதாது. ஒரு படகு போன வருடம் ஒரு நாளில் 500 கிலோ கொண்டுவந்தது. இந்த வருடம் ஐந்து நாள் கடலில் தங்கி 1,000 கிலோ கொண்டுவந்தது என்று வைத்துக்கொள்வோம். மீன்பாடு இரண்டு மடங்காகத் தெரியும். ஆனால், ஒரு நாள் உழைப்புக்குக் கிடைத்தது 200 கிலோதான். அதாவது, கடலில் மீன் குறைகிறது!

அடுத்தது, மீனின் நீளம். பிடிபடும் மீன்கள் வருடா வருடம் சிறுத்துக்கொண்டே வந்தால், பெரியவை தீர்ந்துகொண்டிருக்கின்றன என்று சந்தேகப்பட வேண்டும். சினை பிடித்திருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். மீனின் தலைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு செவிக்கல், அதன் வயதைச் சொல்லிவிடும். மரத்தை அறுத்தால் வளையம் தெரிவதுபோல இதிலும் வளர்ச்சி வளையங்கள் உண்டு. இத்தனையும் சேர்ந்தால்தான், முட்டையிடும் அளவுக்கு வளர்ந்த மீன்கள் கடலில் எவ்வளவு மிச்சம் என்று கணிக்க முடியும்.

கணக்கு தப்பினால்..?

கனடாவைக் கேளுங்கள். நியூஃபவுண்ட்லாந்து கடலில் ‘காட்’ மீன் ஒரு காலத்தில் கொட்டிக் கிடந்தது. 1968-ல் மட்டும் சுமார் 8 லட்சம் டன் பிடித்தார்கள். 1980-களில் பெரிய கப்பல்களுக்கு நல்ல மீன்பாடு இருந்ததால், வளம் பெருகுகிறது என்று நம்பினார்கள் விஞ்ஞானிகள். ‘மீன் குறைகிறது’ என்று கரையோரச் சிறு மீனவர்கள் சொன்னது எடுபடவில்லை. எஞ்சியிருந்த மீன்கள் ஓரிடத்தில் திரண்டிருந்தன. கப்பல்களின் நவீனக் கருவிகள் அந்தக் கூட்டத்தைத் தேடிப்போய் அள்ளிக்கொண்டிருந்தன.

1992 ஜூலையில் அரசே தடை போட்டது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. அந்தத் தடை அதிகாரபூர்வமாக நீங்கியது 2024-ல். அப்போதும் பிடிக்க அனுமதித்த அளவு 18,000 டன்தான்!

நம்ம மத்தியின் கதை

பக்கத்துக் கேரளத்தில் 2012-ல் ஏறக்குறைய 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது. 2021-ல் கிடைத்தது வெறும் 3,297 டன். எல் நினோவால் கடல் சூடானது ஒரு காரணம். வளராத குஞ்சுகளை வாரி எடுத்தது இன்னொரு காரணம். ஏழைகளின் மீனான மத்திக்கே தட்டுப்பாடு!

நல்ல வேளையாக, அடுத்த சில ஆண்டுகளில் மத்தி மீண்டும் லட்சம் டன்னைத் தாண்டியது. ஒரு வயதுக்குள்ளேயே முட்டையிடத் தயாராகிவிடும் மீன் அது. காட் மீனுக்கு அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே, எல்லா மீனுக்கும் ஒரே அளவுகோல் உதவாது. ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் கணக்கு வேண்டும். 2022-ல் இந்தியக் கடல்களில் அப்படி 135 மீன் இருப்புகளை ஆராய்ந்தபோது, 91.1 சதவிகிதம் ஆரோக்கியமாக இருப்பதாகத் தெரிந்தது. கைவசம் இருக்கும் இந்தச் சொத்தைக் காப்பாற்றிக்கொள்வதுதான் இனி முக்கியம்.

நாம் என்ன செய்யலாம்?

கேரளத்தில் 10 செ.மீ-க்குக் குறைந்த மத்தியையும், 14 செ.மீ-க்குக் குறைந்த அயிலையையும் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அயிலை என்பது நம் கானாங்கெளுத்திதான். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த இரண்டு மாதம் மீன் விலை ஏறத்தான் செய்யும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யக் கொடுக்கும் அவகாசம் அது.

சந்தையில் நம் கையிலும் ஓர் அளவுகோல் இருக்கிறது. விரல் நீளம்கூட இல்லாத மத்தியைக் கூறு கட்டி மலிவாகக் கொடுத்தால், வாங்காமல் நகர்ந்துவிடுங்கள். வாங்க ஆள் இல்லாத குஞ்சை யாரும் கரைக்குக் கொண்டுவர மாட்டார்கள். சில மாதம் விட்டுவைத்தால், அதே மத்தி நெய் வடிய வளர்ந்து, ஒரு முறை முட்டையும் இட்டுவிட்டு உங்கள் குழம்புக்கு வரும்!