கைச்சிறகுகள் – 9: மரத்தைத் தேர்ந்தவர் யார்?

2018 ஜனவரியில், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷாம்பெய்ன் நகரைச் சேர்ந்த ஹாபிகோ நிறுவனம் திவால் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்துக்குப் போனது. ஊழியர்களே பங்குதாரர்களாக இருந்த நிறுவனம் அது. மாதிரி விமானம் கட்டுகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் நம்பி வாங்கிய கிரேட் பிளேன்ஸ், டாப் ஃபிளைட் ஆகிய இரண்டு பெயர்களும் அதன் கையில்தான் இருந்தன. சில மாதங்களில் அதே ஊரின் ஹொரைசன் ஹாபி அதன் சொத்துகளில் பலவற்றை வாங்கிக்கொண்டது. பெயர்கள் கைமாறின. ஆனால், பால்சா மரத்துண்டுகள் அடுக்கிய அந்த நீளப் பெட்டிகளில் பெரும்பாலானவை கடைக்குத் திரும்பவில்லை.

கட்டுவதற்கான துண்டுகளை அடுக்கித் தரும் அந்தப் பெட்டிகளின், அதாவது கிட்களின், விற்பனை அதற்கு வெகுகாலம் முன்பே சரிய ஆரம்பித்துவிட்டது. ஆசியத் தொழிற்சாலைகளில் முழுதாகக் கட்டி, மேலுறையும் ஒட்டி அனுப்பப்படும் ‘ஏ.ஆர்.எஃப்.’ விமானங்கள் வந்தன. சனிக்கிழமை பெட்டியைப் பிரித்தால் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போய்விடலாம். அவற்றின் பின்னாலேயே நுரை விமானங்களும் வந்தன. பறக்கவிடுவதில் மட்டுமே ஆசை உள்ளவர்கள் அந்தப் பக்கம் போனதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் கட்டும் ஆசை வேறு. நின்றுபோன ஒரு கிட்டைக் கட்ட விரும்புகிறவருக்கு இன்று பெரும்பாலும் இரண்டே வழிகள்தான்: எங்கோ ஒரு பரணில் கிடக்கும் பழைய கிட்டைத் தேடிப் பிடிப்பது, அல்லது வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மரத்திலிருந்து தொடங்குவது.

பழைய பெட்டி கிடைத்தால் மகிழ்ச்சிதான். உலர்ந்த இடத்தில் இருந்திருந்தால் மரம் கெட்டிருக்காது. பிளாஸ்டிக் மூக்குறை நொறுங்கும், ஒட்டுப்படங்கள் மஞ்சளாகிப் பொரிந்திருக்கும், இறக்கையைக் கட்டும் ரப்பர் வளையம் தொட்டாலே அறும். அவற்றையெல்லாம் புதிதாகச் செய்துகொள்ளலாம். அச்சுத் தகட்டால் அழுத்தி வெட்டிய பழைய கிட்களில் இன்னொரு தொல்லை உண்டு. வெட்டும் தகடு மழுங்கிவிட்டால் அது மரத்தை வெட்டாது, நசுக்கும். விளிம்பெல்லாம் நார்நாராகப் பிய்ந்து நிற்கும் அந்தத் துண்டுகளை அப்படியே ஒட்டினால் மூட்டு பிடிக்காது. லேசர் வெட்டு வந்த பிறகுதான் இந்தத் தொல்லை நீங்கியது.

பழைய பெட்டி கைக்கு வந்தவர்களிடம் நான் வேண்டிக் கேட்பது ஒன்றுதான். ஒரு துண்டையும் பசை தொடும் முன், ஒவ்வொன்றையும் அட்டையில் வைத்து வரைந்து, எண் எழுதி வையுங்கள். வரைபடத்தையும் முழு அளவில் நகலெடுத்துவிடுங்கள். அந்த கிட்டின் கடைசிப் பெட்டி உங்களுடையதாகவே இருக்கக்கூடும்.

இனி வரைபடத்தை மட்டும் வைத்துக் கட்டுகிறவரின் பாடு. நிறுவனம் மூடினால் வடிவமைப்பு அழிந்துவிடும் என்று பலர் வருந்துகிறார்கள். வடிவமைப்பு அவ்வளவு எளிதில் அழிவதில்லை. பிரிட்டனின் ‘ஏரோமாடலர்’ இதழ் 1935-லிருந்து வரைபடங்களை அச்சிட்டு வந்தது. அமெரிக்காவில் ‘ரேடியோ கன்ட்ரோல் மாடலர்’ 2005-ல் நின்றுபோகும்வரை நூற்றுக்கணக்கான வடிவங்களை வெளியிட்டது. இண்டியானா மாநிலம் மன்சி நகரில் இருக்கும் மாதிரி விமான அகாடமி இன்றும் பழைய வரைபடங்களைக் காத்து வைத்திருக்கிறது. இணையத்தில் ஆர்வலர்கள் ஸ்கேன் செய்து வைத்திருப்பவை ஆயிரக்கணக்கில் இருக்கும்.

அழிந்தது வேறொன்று. பெட்டிக்குள் எந்த மரத்தை வைப்பது என்று தீர்மானித்த மனிதரின் கண்ணும் கையும்தான் போய்விட்டன. வரைபடம் ‘1/16 அங்குல பால்சா’ என்று மட்டும் சொல்லும். அது எந்தப் பால்சா என்று சொல்லாது. கிட் தயாரித்தவர்கள் நல்லவர்களாக இருந்தால் தகடுகளை எடை போட்டு, நாரைப் பார்த்து, இது இறக்கைக்கு, இது வாலுக்கு என்று பிரித்து வைத்தார்கள். நாம் காசு கொடுத்தது அந்த வேலைக்கும் சேர்த்துத்தான். பெட்டி போன பிறகு அந்த வேலை நம் மேசைக்கு வந்துவிட்டது.

பால்சா ஒரே தரத்தில் வருகிற சரக்கு அல்ல. ஈக்வடாரில்தான் உலகத் தேவையின் பெரும்பகுதி விளைகிறது. ஐந்தாறு ஆண்டுகளில் வெட்டும் பருவத்துக்கு வந்துவிடும் மரம். அவ்வளவு வேகமாக வளர்வதால் ஒரே மரத்தின் உள்ளும் புறமும்கூட எடையில் மாறுபடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரணத் தகடு 3 அங்குல அகலம், 36 அங்குல நீளம், 1/16 அங்குலக் கனம். அதன் பருமன் சுமார் 110 கன சென்டிமீட்டர். கன மீட்டருக்கு 100 கிலோ எடையுள்ள மரமானால் தகடு 11 கிராம். 200 கிலோ மரமானால் 22 கிராம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், விலையும் ஒன்றேதான். ஒரு சிறிய டிஜிட்டல் தராசு இல்லாமல் வரைபடத்தைப் பிரிக்கவே கூடாது என்பது என் கட்சி. வாங்கிய தகட்டின் மூலையில் பென்சிலால் அதன் எடையை எழுதி வைத்தால் போதும், பாதிக் கிட் தயாரிப்பாளர் ஆகிவிட்டீர்கள்.

மீதிப் பாதி நாரில் இருக்கிறது. மரத்தை எந்தக் கோணத்தில் அறுத்தார்கள் என்பதைப் பொறுத்துப் பால்சாவை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிப்பார்கள். ஏ வகை அகலவாக்கில் எளிதாக வளையும். இறக்கையின் முன் விளிம்பைச் சுற்றி மூடவும் உடலின் வளைவுகளுக்கும் அதுதான் வேண்டும். சி வகையில் பளபளக்கும் புள்ளிகள் தெரியும். வளைத்தால் வளையாது, பிளந்துவிடும். ஆனால் அந்த விறைப்புத்தான் இறக்கையின் விலாத்துண்டுகளான ரிப்களுக்கும் தட்டையான வாலுக்கும் தேவை. பி இரண்டுக்கும் நடுவில் நின்று மற்ற வேலைகளைப் பார்த்துக்கொள்ளும். சி தகட்டை முன் விளிம்பில் வளைக்கப் பார்த்து உடைத்துவிட்டு வரைபடத்தைத் திட்டுகிறவர்கள் உண்டு. வரைபடம் பாவம், அது வகையைச் சொல்லவே இல்லையே.

கனமான தகடுகளைத் தூக்கி எறிய வேண்டாம். அவை இறக்கையின் குறுக்குச் சட்டத்துக்கு, அதாவது ஸ்பாருக்குப் போகட்டும். விமானம் மூக்கைத் தூக்கித் திரும்பும்போது சுமை முழுதும் விழுவது அங்கேதான். மிக லேசானவை வாலுக்கு. காரணம் எளிய கணக்கு. பல விமானங்களில் எடை மையத்திலிருந்து வால் இருக்கும் தூரம், மூக்கு இருக்கும் தூரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு. வாலில் 10 கிராம் கூடினால், அதைச் சரிக்கட்ட மூக்கில் 20, 30 கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும். வாலில் கவனித்துக் குறைக்கும் ஒரு கிராம் மூன்று நான்கு கிராமாகத் திரும்பி வரும்.

எடையைக் குறைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மேனார்ட் ஹில்லைச் சொல்ல வேண்டும். 2003 ஆகஸ்டில் அவரும் குழுவினரும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் கேப் ஸ்பியரிலிருந்து ஒரு மாதிரி விமானத்தை ஏவினார்கள். பால்சாவும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும் கொண்ட அந்த விமானம் எரிபொருளோடு சேர்த்து 5 கிலோவுக்குள் அடங்கியது. 38 மணி நேரத்துக்கும் மேல் பறந்து, சுமார் 3,000 கிலோமீட்டர் அட்லாண்டிக்கைத் தாண்டி, அயர்லாந்தின் மேற்குக் கரையில் இறங்கியது. அந்த 5 கிலோ எடை வரம்பு கட்டாயம் என்பதால் மரத்தில் மிச்சமான ஒவ்வொரு கிராமும் எரிபொருளுக்கு இடம் கொடுத்தது. அந்த விமானத்தைக் கட்டிய காலத்தில் ஹில்லுக்குக் கண்பார்வை பெரும்பாலும் போயிருந்தது, காதும் மிக மந்தம். தொட்டுப் பார்த்தே மரத்தை அறிந்த அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு வணங்கத் தோன்றுகிறது.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். 2020 வாக்கில் பால்சா விலை உலகெங்கும் ஏறியது. காற்றாலையின் ராட்சத இறக்கைகளுக்குள் நடுப்பொருளாக வைக்கப்படுவதும் இதே மரம்தான். சீனாவில் காற்றாலைகள் வேகமாக எழுந்தபோது ஈக்வடாரில் தோட்டங்கள் போதாமல், அமேசான் பழங்குடியினர் வாழும் பகுதிகளில் ஆற்றோர மரங்கள் வரை வெட்டினார்கள். அப்போது எங்களைப் போன்றவர்களுக்குத் தகடு கிடைக்கவில்லை. அது சிறிய வருத்தம். காட்டுக்கு ஆனதுதான் பெரியது.

மரம் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தை அச்செடுத்த கையோடு அளவுகோலை எடுங்கள். ‘தாளுக்குள் அடக்கு’ என்ற ஒரு தேர்வு அச்சுக்கடைக் கணினியில் தானாக விழுந்திருந்தால் எல்லாம் இரண்டு சதவீதம் சுருங்கிவிடும். 60 அங்குல இறக்கையில் அது 30 மில்லிமீட்டர். இறக்கை கொஞ்சம் சிறியதாவதில் ஆபத்தில்லை. ஆனால் கால் அங்குலக் கட்டைக்கு வரைந்த காடியில் கால் அங்குலக் கட்டை நுழையாது. நீளவாக்கில் ஒரு முறை, அகலவாக்கில் ஒரு முறை அளக்க வேண்டும். உருளை ஸ்கேனரில் இழுத்த தாள் ஒரு பக்கம் மட்டும் நீண்டிருக்கும்.

பழைய பிரிட்டிஷ் வரைபடங்களில் சக்கரக் கம்பிக்கு ‘10 எஸ்.டபிள்யூ.ஜி.’ என்று இருக்கும். அது 3.25 மில்லிமீட்டர். 14 என்றால் 2 மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். இடம் மிச்சப்படுத்த இறக்கையில் ஒரு பாதியை மட்டும் வரைந்திருப்பார்கள். அந்நாளில் தாளில் எண்ணெய் தடவி, கண்ணாடிபோல் ஆக்கி, திருப்பிப் போட்டு மறுபாதியைக் கட்டினார்கள். இன்று எதிர்ப்பக்கமாக அச்செடுத்தால் முடிந்தது வேலை.

எந்த வரைபடத்தில் தொடங்கலாம் என்று கேட்டு வாசகர்கள் எழுதுகிறார்கள். நான் ஜூனியர் 60-ஐச் சொல்வேன். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரிட்டனில் கீல்கிராஃப்ட் நிறுவனத்துக்காக ஆல்பர்ட் ஹாட்ஃபுல் வரைந்தது. பெயரில் உள்ள 60, இறக்கையின் அங்குல அகலம். வானொலிக் கட்டுப்பாடே இல்லாமல், தன் போக்கில் பறந்து இறங்கட்டும் என்று வரைந்த விமானம் அது. ரேடியோ கருவிகள் கைக்கு எட்டிய காலத்தில் ஆர்வலர்கள் அதில் சுக்கானை மட்டும் இயக்கிப் பார்த்தார்கள். பின்னர் வேறு சிறு நிறுவனங்கள் அதை ரேடியோவுக்கென்றே கிட்டாக விற்றன. ஒன்றின் பெட்டி நின்றால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும் அளவுக்கு உயிர்ப்புள்ள வடிவம். நேர்க்கோடுகளால் ஆன உடல், பெரிய இறக்கை, நிதானமான பறத்தல். இறக்கையில் அசையும் மடலான எய்லெரான் தேவையில்லை. இறக்கை இரு பக்கமும் மேல்நோக்கி மடிந்திருப்பதால், சுக்கானைத் திருப்பினால் வெளிப்பக்க இறக்கை தானே எழும்பி விமானம் சாய்ந்து திரும்பும்.

இப்படித் தன்போக்கில் பறக்க வரைந்த பழைய விமானங்களில் ஓர் எச்சரிக்கை உண்டு. அவற்றுள் பலவற்றில் இறக்கைபோல வளைந்த வாலும் சேர்ந்து எடையைத் தூக்கும். அதற்கேற்ப எடை மையத்தை மிகப் பின்னால் குறித்திருப்பார்கள். ஜெர்மனியில் கார்ல்-ஹைன்ஸ் டென்சின் வரைந்த டெலிமாஸ்டரிலும் அப்படி வளைந்த வால் உண்டு. அந்த வாலைத் தட்டையாக மாற்றிவிட்டு, எடை மையத்தைப் பழைய இடத்திலேயே விட்டால் விமானம் நிலைகொள்ளாது. வாலை மாற்றினால் மையத்தை முன்னால் கொண்டுவர வேண்டும். வாலை மாற்றாமல் அவர்கள் வரைந்தபடி கட்டுவதே மேல் என்பது என் எண்ணம். ஒரு வடிவமைப்பாளர் வாலுக்கு வளைவு கொடுத்தார் என்றால் யோசித்துத்தான் கொடுத்திருப்பார்.

மாற்றித்தான் ஆக வேண்டிய இடம் மூக்கு. பழைய வரைபடங்கள் டீசல் அல்லது குளோ எஞ்சினுக்காகவும், செங்கல் கனத்துக்கு இருந்த ரேடியோ, பேட்டரிகளுக்காகவும் வரையப்பட்டவை. இன்று மின்மோட்டார் லேசானது, ரிசீவர் தீப்பெட்டியைவிடச் சிறியது. எனவே எடையெல்லாம் பேட்டரியில் வந்து குவிகிறது. உடலை மூடும் முன்பே மோட்டார், பேட்டரி, சர்வோ மூன்றையும் இடத்தில் வைத்துப் பார்த்து, பேட்டரிக்கு எங்கே கதவு வெட்டுவது என்று முடிவுசெய்யுங்கள். காற்று உள்ளே போக ஒரு வழி, வெளியேற அதைவிடப் பெரிய வழி. இல்லையென்றால் மோட்டாரின் வேகக் கட்டுப்படுத்தி சூடேறி அணைந்துவிடும். வரைபடத்தில் மோட்டார் தாங்கும் பலகை வலப்பக்கமும் கீழ்நோக்கியும் இரண்டு மூன்று டிகிரி சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வை அப்படியே காப்பாற்றுங்கள். அது வரைந்தவரின் கை நடுக்கம் அல்ல.

ரிப்கள் வெட்டுவதற்கு லேசர் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிளைவுட்டில் இரண்டு அச்சு வெட்டி, நடுவில் பால்சாத் துண்டுகளை அடுக்கி, திருகாணியால் இறுக்கி, உப்புத்தாளால் ஒரே மூச்சில் தேய்த்தால் அத்தனை ரிப்பும் ஒன்றுபோல் வரும். இதில் கூர்மையான கத்தியும் புதிய உப்புத்தாளும்தான் முதலீடு. ரிப் வெட்ட அலுப்பாக இருந்தால், ரிப்பும், உடலின் குறுக்குப் பலகையான ஃபார்மரும் மட்டும் வெட்டித் தரும் ‘ஷார்ட் கிட்’ சிறு தொழிலகங்களில் கிடைக்கும். நீளக் கட்டைகளும் தகடுகளும் நீங்களே வாங்க வேண்டியவை. தராசு அப்போதும் வேண்டும்.

முடித்த விமானத்தை மைதானத்துக்கு எடுத்துப்போகும் முன், பேட்டரி உட்பட எல்லாவற்றையும் ஏற்றி, வரைபடம் குறித்த இடத்தில் இரு விரல் நுனியால் இறக்கையைத் தாங்கிப் பாருங்கள். மூக்கு சற்றே தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் முதலில் பேட்டரியை முன்னே நகர்த்துங்கள், அதன் பிறகுதான் ஈயம். எவ்வளவு ஈயம் சேர்த்தீர்கள் என்பதை வரைபடத்தின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள். அதே வரைபடத்தை அடுத்துக் கட்டுகிறவருக்கு வாலில் எந்த மரம் வைக்க வேண்டும் என்று அந்த எண் சொல்லிவிடும்.

அடுத்த வாரம்: பட்டும் டோப்பும் தொடங்கி, சூடுபட்டு இறுகும் பிளாஸ்டிக் உறை வரை.

(தொடரும்)