யார் நடிக்கலாம்? யார் மறைக்கப்படுகிறார்கள்?



"நடிப்பு என்றாலே இன்னொருவராக மாறுவதுதானே? யார் நடித்தால் என்ன?" பாத்திரத் தேர்வு பற்றிய விவாதங்களில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி இது. இதற்குப் பதில் சொல்ல ஒரு ஜப்பானியக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

மசாமுனே ஷிரோவின் 'கோஸ்ட் இன் த ஷெல்' என்ற படக்கதையை 2017இல் ஹாலிவுட் படமாக்கியது. மோட்டோகோ குசனாகி என்ற ஜப்பானிய நாயகியின் இடத்தில் ஸ்கார்லெட் ஜோஹான்சன் நடித்தார். இதைத்தான் 'வெள்ளையடிப்பு' என்கிறார்கள். அமெரிக்காவில் வாழும் ஆசிய வம்சாவளியினர் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால், அதே கதையை 1995இல் அனிமேஷன் படமாக எடுத்த மமோரு ஓஷி இந்தத் தேர்வில் தவறில்லை என்றார். ஜப்பானில் பலர் பொருட்படுத்தவே இல்லை.

இது முரண்பாடு அல்ல. ஜப்பானியருக்குச் சொந்தத் திரையுலகம் இருக்கிறது. அங்கே நாயகரும் அவர்களே, வில்லரும் அவர்களே. அமெரிக்காவில் சிறுபான்மையாக வாழும் ஆசியருக்கோ கிடைப்பதே ஒன்றிரண்டு வேடங்கள். அதுவும் பறிபோகும்போதுதான் வலிக்கிறது. ஆகவே கேள்வி நடிப்புத் திறன் பற்றியதல்ல. வேலை யாருக்குக் கிடைக்கிறது, வாசல் யாருக்குத் திறக்கிறது என்பதே.

நம்மிடம் இது கறுப்புச் சாயமாக வருகிறது. 2021இல் வெளிவந்த 'ஜெய் பீம்' படத்தில் இருளர் பெண் செங்கேணியாக நடித்தவர் கேரளத்தைச் சேர்ந்த லிஜோமோள் ஜோஸ். அவர் நன்றாகவே நடித்தார். ஆனால் அதற்காக அவருடைய நிறம் கறுப்பாக்கப்பட்டது. காவல் வன்முறையை அவ்வளவு நேர்மையாகப் பேசிய படமும் கறுத்த பெண்ணைத் தேடாமல் சாயத்தைத் தேடியது. இன்னொன்றும் உண்டு: 1993இல் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். படம் அவர் பெயரை வைத்துக்கொண்டு சமூகத்தை மாற்றியது.

முகத்தை மாற்றுவது ஒரு வகை என்றால், அடையாளத்தையே துடைப்பது மற்றொரு வகை. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் எழுதிய ஆங்கில நாவல் 'ரெட் டீ'. இரா. முருகவேளின் தமிழாக்கம் 'எரியும் பனிக்காடு'. தோட்டங்களுக்கு ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்ட தலித் தொழிலாளரின் துயரம் அது. அதைத் தழுவிய பாலாவின் 'பரதேசி' (2013) அவர்களுடைய வறுமையைக் காட்டியது, சாதியைப் பேசவில்லை. நாவலாசிரியர் தொழிலாளர் பக்கம் நின்ற மருத்துவர். படத்தில் வரும் மருத்துவரோ மதமாற்றத்துக்காக ஆடிப்பாடும் கேலிப் பாத்திரம்.

"யாரும் யாராகவும் நடிக்கலாம்" என்போருக்கு பி.கே. ரோஸி பதில் சொல்வார். முதல் மலையாளப் படமான 'விகதகுமார'னில் நாயகியாக நடித்த தலித் பெண் அவர். ஏற்ற வேடம் நாயர் பெண். அதற்காகவே ஆதிக்க சாதியினர் கொதித்தெழுந்தார்கள். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு, தமிழகம் வந்து, நடிகை என்ற அடையாளமே இல்லாமல் வாழ்ந்து மறைந்தார். மேலிருப்பவர் கீழிறங்கி நடித்தால் அது கலை, கீழிருப்பவர் மேலேறி நடித்தால் அது குற்றம் என்று இருந்தது. இந்தச் சுதந்திரம் ஒருவழிப் பாதையாக இருக்கும்வரை அதைச் சுதந்திரம் என்று நாம் ஏற்க முடியாது.

தேவனூர் நாட்டில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் கேழ்வரகும் மிளகும் விளைவிக்கும் உழவர்கள். தமிழ்ப் படங்களில் மலைவாசி என்றாலோ, பல காலமாக உடலெங்கும் கரி, தலையில் இறகு, புரியாத கூச்சல். மலையைப் படமெடுக்க வருகிறவர்களுக்கு அருவியும் கொண்டை ஊசி வளைவுகளும் போதும், மக்கள் தேவையில்லை.

இருளர் மட்டுமே இருளராக நடிக்க வேண்டும் என்று நாம் சட்டம் போடவில்லை. மாணவத் தோழர்கள் ஒரு படத்தைப் பார்க்கும்போது மூன்றைக் கேளுங்கள். யாருடைய கதை? அவர்களுடைய பெயரும் சாதியும் படத்தில் இருக்கின்றனவா? அவர்களில் எத்தனை பேர் நடிப்பிலும் எழுத்திலும் படப்பிடிப்பிலும் கூலி பெற்றார்கள்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அந்தப் படம் நம் துயரத்தை எடுத்துக்கொண்டு நம்மை வெளியே நிறுத்தியிருக்கிறது என்று பொருள்.