கலப்பினப் பசுக்களின் செயற்கைமுறைக் கருவூட்டலில் மரபும் சூழலும்: புதுச்சேரியை முன்வைத்து

முன்னுரை

இந்தியாவில் செயற்கைமுறைக் கருவூட்டல் 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத் குமரனால் தொடங்கப்பெற்றது. இன்று மக்கள் வழக்கில் 'சினை ஊசி' என வழங்கும் இம்முறையே தமிழகச் சமவெளியிலும் அதனையொட்டிய புதுச்சேரியிலும் ஜெர்சி கலப்பினப் பசுக்கள் பெருகக் காரணமாயிற்று. முதலியார்பேட்டை போன்ற மேய்ச்சல் நிலமற்ற நகர்ப்பகுதியில் ஒன்றிரண்டு பசுக்களை நம்பி வாழ்வோர்க்குச் சினை பிடிக்காத பசு பெருஞ்சுமையாகும். ஒரு சினைத்தருணம் தவறினால் அடுத்ததற்கு ஏறத்தாழ 21 நாள்கள் காத்திருக்க வேண்டும். தீவனச் செலவோ நிற்பதில்லை. மும்முறை ஊசியிட்டும் பயனில்லையெனில் பசு 'மலடு' என விற்கப்படுவதும் உண்டு. குறை பசுவின் பிறப்பில் உள்ளதா, அது வாழும் சூழலில் உள்ளதா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மரபின் பங்கு

மந்தையில் காணப்படும் ஒரு பண்பின் வேறுபாட்டில் மரபால் விளைவது எத்துணை என்பதை மரபுவழிப் பங்கு காட்டும். பாலளவில் இது பொதுவாக 0.25 முதல் 0.35 வரை அமைகிறது. சினை பிடித்தல் போன்ற இனப்பெருக்கப் பண்புகளில் பெரும்பாலும் 0.10க்கும் குறைவு. அதாவது, பசுக்களுக்கிடையிலான வேறுபாட்டில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் தீவனம், வெப்பம், நோய், பராமரிப்பு முதலியவற்றைச் சார்ந்தது.

எனினும், மரபு பொருட்டன்று எனக் கொள்ளுதல் பிழையாகும். பாலளவை மட்டுமே நோக்கிய தெரிவு கருவுறுதிறனைக் குறைக்கும் போக்கினது. அன்றியும், சில மரபணுக் குறைபாடுகள் கருவையே அழிக்கின்றன. ஜெர்சி இனத்தில் 2011இல் கண்டறியப்பட்ட ஜேஎச்1 என்னும் குறைபாடு இதற்குச் சான்று. இதனைச் சுமக்கும் காளையும் பசுவும் இணையின் நான்கில் ஒரு கரு தொடக்கத்திலேயே அழியும். உரிமையாளர்க்கு அது 'சினை பிடிக்கவில்லை' என்றே தோன்றும். ஆதலின் காளையைத் தெரிவு செய்வதில் மரபணுச் சோதனை இன்றியமையாதது.

சூழலின் பங்கு

வெப்பத்தையும் காற்றின் ஈரத்தையும் இணைத்துக் கணிப்பது வெப்ப ஈரப்பதக் குறியீடு. குளிர்நாட்டுக் கறவைப் பசுக்களில் 72ஐக் கடந்தால் அயர்ச்சி தொடங்கும் என்பர். வெப்பம் 35 பாகை செல்சியசும் ஈரப்பதம் 60 விழுக்காடும் உள்ள நாளில் குறியீடு 87 ஆகிறது. கடலோரத்தில் 25 பாகையும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள இதமான நாளிலும் அது 75 ஆகும். கலப்பினப் பசுக்கள் சற்று மிகுதியாகத் தாங்குமெனினும், தகரக் கூரையின்கீழ் அத்தாங்குதிறன் போதாது.

வெப்பம் மூவகையில் தடையாகிறது. முதலாவது, சினை அறிகுறிகள் மங்கி ஊமைச் சினையாகின்றன. தருணம் இரவில் தோன்றி விடியுமுன் மறைவதும் உண்டு. இரண்டாவது, வளரும் கருமுட்டை பழுதுறுகிறது. இதன் விளைவு வெயில் தணிந்த பின்னும் சில வாரங்கள் நீடிக்கும். மூன்றாவது, கருவுற்ற முதல் ஓரிரு நாள்களில் கரு வெப்பத்திற்கு எளிதில் அழிகிறது.

இரண்டும் கூடுமிடம்

ஏழாம் நாளை எட்டிய கரு வெப்பத்தைப் பெரிதும் தாங்கும். அந்நிலையில் கருவை வாடகைத்தாய்ப் பசுவிற்கு மாற்றும் கருமாற்ற முறை கோடையில் ஊசி முறையினும் பயன் தரக் காரணம் இதுவே. திமிலுள்ள நாட்டினங்களின் கரு உயிரணு நிலையிலேயே வெப்பத்தை மிகுதியாகத் தாங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கலப்பினத்தில் அயலினப் பங்கை வரம்பின்றி உயர்த்தலாகாது என்பதன் அடிப்படையும் இதுவே. எனவே மரபும் சூழலும் தனித்தனியே இயங்குவன அல்ல. ஒன்றன் குறையை மற்றொன்று பெருக்குகிறது அல்லது தணிக்கிறது.

முடிவுரை

சினை பிடிக்காமையை உடனே பசுவின் பிறவிக் குறையாகக் கொள்வது அறிவியலுக்குப் பொருந்தாது. நிழல், குளிர்ந்த குடிநீர், தாது உப்பு, காலையில் சினை அறிகுறி கண்டால் மாலையிலும் மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசியிடல் ஆகியவை முதலில் உறுதிசெய்யப்பட வேண்டும். உறைவிந்துக் குச்சியில் அச்சிடப்படும் காளை எண்ணை ஊசியிட்ட நாள், அந்நாளின் வெப்பம், சினைச் சோதனை முடிவு ஆகியவற்றுடன் பதிவுசெய்தால் காளையின் குறையையும் கோடையின் குறையையும் பிரித்தறியலாம். பாண்லே கூட்டுறவு ஒன்றியமும் குரும்பாபேட்டிலுள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையமும் இணைந்து இத்தகைய பதிவேட்டை உருவாக்குமாயின், நலமான பசு மலடெனத் தள்ளப்படுவது குறையும்.