தூசிக்குத் தூசியே காவல்

பல்லேகல கைத்தொழில் பேட்டையின் இயந்திரங்களை ஓட்டும் தேசிய மின்சாரத்தில் ஒரு பங்கு, புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் இறக்குமதி நிலக்கரியை எரித்துப் பெறப்படுவது. இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லாமையால், அக்கரியை வெட்டுவோரின் ஆபத்து இங்குள்ளோர் கண்ணில் படுவதில்லை. அயல்நாடான இந்தியாவில், இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்துத் தோரி சுரங்கத்தில் 1965 மே 28 அன்று கரித்தூசி வெடித்து 268 தொழிலாளர் மாண்டனர்.

கரிப் படுகையின் நுண்துளைகளில் அடைபட்டிருக்கும் மெதேன் வாயு, வெட்டும்போது கசிந்து வெளிவருகிறது. மணமும் நிறமும் அற்ற இவ்வாயு வளியிலும் இலேசானதாகையால் கூரையை ஒட்டிப் படர்ந்து நிற்கும். வளியில் அதன் அளவு 5 முதல் 15 சதவீதம் வரை இருக்கையில் ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். எனினும் வாயு மட்டும் வெடித்தால் சேதம் பெரும்பாலும் அது தேங்கிய இடத்தைச் சுற்றியே அடங்கும். அவ்வெடிப்பின் அதிர்வலை முன்னே ஓடிச் சுவரிலும் தரையிலும் படிந்த கரித்தூசியைக் கிளப்ப, பின்னே வரும் சுவாலை அதைப் பற்றிக்கொண்டு சுரங்கப் பாதைகள் நெடுக ஓடுவதே பேரழிவு. கடதாசித் தாளின் கனத்துக்குப் படிந்த தூசியே இதற்குப் போதும். 1906 இல் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் இறந்தது கரித்தூசியின் தீயால்தான்.

முதற்காவல் காற்றோட்டம். பெரிய விசிறிகள் ஓயாது சுழன்று வாயுவை ஐதாக்கி வெளியேற்ற வேண்டும். இந்திய விதிகளின்படி எவ்விடத்திலும் மெதேன் 1.25 சதவீதத்தைத் தாண்டலாகாது, தாண்டினால் மின்சாரம் துண்டிக்கப்படும். இன்று மின்னணு உணரிகள் அளப்பதை முன்னர் அளந்தது, 1815 இல் ஹம்ப்ரி டேவி அமைத்த கம்பிவலை விளக்கு. வலை சுவாலையின் வெப்பத்தை உறிஞ்சுவதால் வெளியிலுள்ள வாயு பற்றாது; திரியைத் தாழ்த்தினால் சுடரின்மேல் தொப்பிபோல் எழும் வெளிர்நீல ஒளியின் உயரமே வாயுவின் அளவைச் சொல்லும்.

தூசிக்குரிய மருந்தோ விந்தையானது. வெட்டுமிடத்தில் நீர் தெளித்துத் தூசியை அடக்குவதோடு, பாதைகளில் எரியாத சுண்ணாம்புக்கல் தூளையும் தூவுகின்றனர். வெடிப்பலையில் கரித்தூசியுடன் சேர்ந்து கிளம்பும் இத்தூள் வெப்பத்தைக் குடித்துச் சுவாலையை அணைத்துவிடும். முள்ளை முள்ளால் எடுப்பது என்பது இங்கே வெறும் உவமை அன்று. 1886 இல் இங்கிலாந்தின் ஓல்டொஃப்ட்ஸ் சுரங்கம் வெடித்தபோது, கல்தூசி படிந்த பாதைகளில் தீ பரவாது நின்றதைக் கவனித்த வில்லியம் கார்ஃபோர்த், 1908 இல் தொடங்கிய சோதனைகளால் அதனை நிறுவினார். தூவிய தூள் ஈரத்தில் கட்டிபட்டால் பயனில்லை, வாயால் ஊதினால் பறக்க வேண்டும். வெளுத்து நிற்கும் சுவரும் வேலை நடக்க நடக்கச் சாம்பல் பூத்துக் கறுக்குமாதலால், மறுபடியும் தூவ வேண்டும்.