குடித்த இரவும் விடியற்காலை வண்டியும்



குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்பது தெரியாதவர் இல்லை. ஆனால், "ராத்திரி குடிச்சது, இப்ப விடிஞ்சே போச்சு, இன்னமுமா இருக்கும்?" என்று கேட்பவர் நம் ஊர்களில் நிறைய உண்டு. இருக்கும் என்பதுதான் பதில்.

பிராந்தி, விஸ்கி எதுவானாலும் குவார்ட்டர் எனப்படும் 180 மில்லி பாட்டிலில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் உள்ளது. அதைக் கரைத்து வெளியேற்றும் வேலை பெரும்பாலும் கல்லீரலுடையது. அது மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு 10 மணிக்குக் குவார்ட்டரை முடித்துப் படுத்தவர், காலை 4 மணிக்குப் பால் கேனைக் கட்டிக்கொண்டு மொபெட்டை எடுத்தால், மிச்சப் போதையும் கூடவே கிளம்பலாம். தூங்கி எழுந்ததால் தெளிந்ததுபோல் தோன்றும், அவ்வளவுதான். புளித்த மோர், எலுமிச்சம்பழம், கடுங்காபி, தலையில் பச்சைத் தண்ணீர் எல்லாம் கைகண்ட வைத்தியம் என்பார்கள். வாடை கொஞ்சம் குறையலாம். ரத்தத்தில் உள்ளது குறையாது.

கால் தள்ளாடும்வரை நிதானமாக இருப்பதாக நினைப்பது தவறு. எதிரே வரும் லாரி எவ்வளவு தூரத்தில் வருகிறது, பிரேக்கை எப்போது பிடிக்க வேண்டும் என்ற கணிப்புத்தான் முதலில் கெடுகிறது. "ஒரு கட்டிங்தான், ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்று சொல்பவருக்கே அது தெரியாது.

குடிக்காதவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் சி.பி.எம். (குளோர்பெனிரமின்) போன்ற மாத்திரைகள், சில இருமல் மருந்துகள், தூக்க மாத்திரைகள் ஆகியவை கண்ணைச் சொருக வைக்கும். மாத்திரை வாங்கும்போதே, "இதைப் போட்டுட்டு வண்டி ஓட்டலாமா?" என்று கேளுங்கள். இவற்றோடு மதுவும் சேர்ந்தால் மயக்கம் பன்மடங்காகும். வலிப்பு மாத்திரையை மட்டும் வண்டிக்காக நீங்களாக நிறுத்தவே கூடாது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019-இல் திருத்திய பிறகு, முதல் தடவைக்கே 6 மாதம்வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். போதை மருந்து உட்கொண்டு ஓட்டினாலும் இதே பிரிவுதான்.

தாய்மார்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்: வண்டி இன்சூரன்சில் சொந்தக்காரருக்கு 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு. ஓட்டியவர் போதையில் இருந்து உயிரிழந்தால் அந்தப் பணம் குடும்பத்துக்குக் கிடைக்காது. பிள்ளைகளின் படிப்புக்கு உதவவேண்டிய பணம் அது.

கல்யாணம், காதுகுத்து, திருவிழாவுக்குப் போகும்போதே பேசி வையுங்கள். "ஏங்க, குடிச்சா சாவிய எங்கிட்ட குடுத்துடணும்" என்று வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும். போதை ஏறியபின் சாவிக்குச் சண்டை போட்டால் அடிதான் மிஞ்சும். அவர் தர மறுத்தால் நீங்களும் குழந்தைகளும் பின்னால் ஏறாதீர்கள். பஸ்ஸோ, ஷேர் ஆட்டோவோ, உறவினர் வீட்டுத் திண்ணையோ போதும்.

காலையில் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் உள்ளவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கோ அழைத்து வாருங்கள். யோசனை கேட்க 104, விபத்து என்றால் 108.